வெற்றிலை போலொரு கொடி

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணி மாதம் எங்கள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எங்கள் தீவில், இறுப்பிட்டியில், பூட்டிக் கிடக்கும் வீடு ஒரு புதினமில்லை. வீட்டுக்காரர் தெற்கில் ஏதோ ஓர் ஊரில் கடை வைத்திருப்பார். திருவிழாவுக்கும் செத்த வீட்டுக்கும் வந்து கதவைத் திறப்பார், தூசி தட்டுவார், ஒரு கிழமை இருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார். இந்த முறை வந்தவர்கள் திரும்பிப் போவதற்கு வரவில்லை. ஆடிக் கலவரத்தில் கடை எரிந்து, பள்ளிக்கூடம் ஒன்றில் அகதியாக இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்கள். புருஷன் பெண்சாதி இரண்டு பேர். ஒரே மகள் அதற்கு முந்தின வருஷம்தான் கலியாணம் முடித்து ஜேர்மனிக்குப் போயிருந்தாள்.

எனக்கு அப்போது முப்பது வயது. வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தாய் தகப்பன் இல்லை. தங்கை நயினாதீவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற ஒருவன் பக்கத்து வளவில் இருக்கிறான் என்று தெரிந்ததும், அந்த அம்மா வேலிக்கு மேலால் கறிக்கோப்பையை நீட்டத் தொடங்கினார். நான் அவரை அக்கா என்றும் அவருடைய புருஷனை அண்ணை என்றும் கூப்பிட்டேன். வயதுக்கு மாமி, மாமா என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். முதல் நாள் வாயில் வந்தது அப்படியே நின்றுவிட்டது.

அவர்கள் கொண்டுவந்தது உடுப்புகள் திணித்த ஓர் உரப்பையும் ஒரு ஜாம் போத்தலும். போத்தலில் பாதிக்குத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு கொடித்துண்டு. இலைகள் இதய வடிவம், நல்ல பச்சை, மினுக்கம். தெற்கில் அயல்வீட்டுச் சிங்களப் பெண் ஒருத்தி, எரியாமல் தப்பிய குசினி யன்னலில் அந்தப் போத்தல் இருந்ததைக் கண்டு, எடுத்துக்கொண்டு அகதி முகாமுக்கு வந்து கொடுத்தாராம். கப்பலில் மூன்று பேர் இருக்கும் இடத்தில் பத்துப் பேர் நெருங்கி இருந்தபோதும் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. வேறு வைப்பதற்கு இடமிருக்கவில்லை என்றுதான் சொன்னார்.

பெருமை அண்ணைக்குத்தான். அவர் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். தெற்கில் அவர் இருந்த ஊரில் புதிதாகக் கடை போடுகிறவர்கள் முதல் வியாபாரத்துக்கு அவரைத் தேடி வருவார்களாம். சிங்கள ஆட்கள்கூட நெல் விதைக்க முதல் ஒரு பிடியை அவர் கையால் வாங்கிக்கொண்டு போவார்களாம். அந்தப் பெயர் தொடங்கியது இந்தக் கொடியில் என்பார். கலியாணம் முடித்த முதல் வருஷம், அக்காவைக் கூட்டிக்கொண்டு மலையில் அருவி பார்க்கப் போயிருக்கிறார். காட்டுக்குள் ஒரு மரத்தில் ஏறி நின்ற கொடியைக் கையாலேயே பிடுங்கிக்கொண்டு வந்து போத்தலில் வைத்தார். வேர் முறிந்த கொடி, பிழைக்காது என்று கண்டவர்கள் எல்லோரும் சொன்னார்களாம். பிழைத்தது மட்டுமல்ல, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் யன்னலை மூடிக்கொண்டு நின்றது. காட்டு வெற்றிலை என்று அவரே அதற்குப் பெயரும் வைத்திருந்தார்.

கடையும் வீடும் போன பிறகு அவருடைய கைக்குச் சாட்சி சொல்ல மிஞ்சியது அது ஒன்றுதான். அதை யாரும் சொல்லவில்லை. ஆனால் கொடியைத் தென்னையடியில் நட்டு, கிணற்றுத் தண்ணீர் ஓடி வருவதற்கு வாய்க்கால் வெட்டி, வெயில் படாமல் கிடுகு சாத்தி அவர் பார்த்த பார்வையில் அது தெரிந்தது. எங்கள் பக்கத்து மண் கல்லுக்கு மேல் ஒரு சாண் கனம்கூட இல்லாதது, பாதிக் கிணறு உவர். அவர்கள் வளவுக் கிணறு மட்டும் ஓரளவு நல்ல தண்ணீர். கொடி தென்னையில் ஏறத் தொடங்கியது. ஆட்கள் வந்து பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அண்ணையின் கைராசி ஊருக்குள்ளும் பரவி, மதிலுக்கு முதல் கல் வைக்கவும் புகையிலைக்கு முதல் கன்று நடவும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் அந்த இலையைப் பார்த்து ஏதோ மணிப்பிளான்ட் வகை என்று நினைத்ததோடு சரி. படிப்பிக்கிறவனுக்கு வீட்டுக்கு வந்த பிறகும் செடியைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வராது.

எண்பத்தேழு வைகாசியில் குடாநாட்டில் பெரிய சண்டை தொடங்கியது. பஸ் நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் சாமான்கள் ஒவ்வொன்றாகக் கடையில் முடிந்தன. சீனி, மண்ணெண்ணெய், அதன் பிறகு வெற்றிலை. அண்ணை நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவர். முதலில் காய்ந்ததைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டார். அதுவும் முடிந்ததும் பாக்கையும் புகையிலையையும் வெறுமனே சப்பினார். பிறகு ஒரு நாள் காலையில் அக்கா வேலியடியில் நின்று கூப்பிட்டார். குரலில் பதற்றத்தைவிடக் கோபம்தான் கூட இருந்தது.

"தம்பி, இவர் அந்தக் கொடியிலை இலை பிடுங்கிச் சுண்ணாம்பு பூசிப் போட்டிட்டார். கதைக்க ஏலாமல் இருக்கிறார். வந்து பாரும்."

நான் போனபோது அண்ணை கதிரையில் குனிந்து இருந்தார். வாயிலிருந்து வீணி நூலாக வடிந்தது. உதடு தடித்து, நாக்கு வெளியே தெரிந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. என்னைக் கண்டதும் ஒரு கையைத் தூக்கி, ஒன்றுமில்லை, போ என்பது போல் காட்டினார். வாயைப் பலமுறை கொப்பளிக்க வைத்து ஆட்டுப்பால் குடிக்கக் கொடுத்தோம். பால் பாதி வெளியே வந்தது. விழுங்கும்போது தொண்டையைப் பிடித்துக்கொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. தொண்டை வீங்கினால் மூச்சு அடைக்கும்.

ஊரில் ஓடக்கூடிய நிலையில் ஒரு பழைய கார் இருந்தது. காரோட்டி முதலில் வர மறுத்தார். அண்ணையைப் பார்த்ததும் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றினார். நான் கொடியில் ஒரு முழ நீளம் அறுத்து ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டேன். கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியில் போகும்போது தூரத்தில் கடற்படைப் படகு ஒன்று நின்றது. வெள்ளைத் துவாய் ஒன்றை யன்னலுக்கு வெளியே பிடிக்கச் சொன்னார் காரோட்டி. வேலணைக் கரை வரும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னுக்கு அக்கா அண்ணையின் நாடியைத் தாங்கிக்கொண்டு, வெற்றிலை இல்லாமல் ஒரு கிழமை இருக்கத் தெரியாத மனுஷன் என்று திட்டியபடியே வந்தார்.

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் அன்று ஒரே ஒரு டொக்டர்தான். களைத்துப் போயிருந்தார். அண்ணையின் வாயைத் திறந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார், ஊசி ஒன்று போட்டார். அதற்குப் பிறகு என்ன இலை என்று கேட்டார். நான் சாக்கை விரித்தேன். சேம்புக் குடும்பத்துச் செடி என்று நினைக்கிறேன், பச்சைச் சேம்பு கடிப்பது போலத்தான் இதுவும், ஊசி மாதிரிப் பளிங்குகள் வாயில் ஏறியிருக்கும் என்று விளக்கினேன். வகுப்பில் சொல்கிற குரல் தானாக வந்துவிட்டது.

அவர் இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "நினைக்கிறீரோ, தெரியுமோ?"

"நினைக்கிறன்."

"சேம்பு எண்டால் பின்னேரத்துக்கை வத்திடும். வேறை ஏதும் எண்டால் நெஞ்சுக்கோ ஈரலுக்கோ போகும். நீர் நினைக்கிறதை வைச்சு நான் இவரை வீட்டுக்கு விட ஏலாது."

அண்ணையை அங்கே வைத்துக்கொண்டார்கள். பின்னேரம் வீக்கம் வற்றத் தொடங்கியது. மறுநாள் குழறிக் குழறிக் கதைத்தார். அவர் சொன்ன முதல் வசனம், அது நல்ல இலைதான், சுண்ணாம்புதான் கூடிப்போச்சு என்பது. டொக்டர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பத் துண்டு எழுதும்போது என்னைக் கூப்பிட்டு, இந்தக் கொடியை வேறு ஆட்களும் வாங்கிக்கொண்டு போய் நட்டிருப்பார்கள், என்ன செடி என்று சரியாகக் கண்டுபிடித்து எனக்குச் சொல்லும் என்றார். அது கட்டளையா வேண்டுகோளா என்று விளங்காத குரல்.

அவர் கேட்ட கேள்வி என்னை உறுத்தியது. எட்டு வருஷமாகத் தாவரவியல் படிப்பிக்கிறேன். நாலு வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒரு கொடியின் பெயரை மற்றவர் கேட்டபோது நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடிந்தது. சண்டையால் பள்ளிக்கூடமும் பாதி நாள் மூடியிருந்தது. ஆகவே தென்னையடிக்குப் போனேன்.

வெற்றிலை இல்லை என்பது உடனே தெரிந்தது. வெற்றிலையைக் கசக்கினால் மணக்கும், நரம்புகள் அடியிலிருந்தே விரல் விரித்தது போலப் பிரிந்து போகும், கணு புடைத்து நிற்கும். இது கசக்கினால் வெறும் பச்சை நாற்றம். நடு நரம்பு ஒன்று, மற்றவை அதிலிருந்து பக்கவாட்டில். சாற்றை மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் சொறியத் தொடங்கியது. சேம்புக் குடும்பம் என்ற எண்ணம் உறுதியாயிற்று. ஆனால் அந்தக் குடும்பம் பெரியது. அதில் ஏறுகிற கொடிகளே பல.

வேலணையில் என்னோடு படிப்பித்த ஒருவர் வீட்டு விறாந்தையில் மணிப்பிளான்ட் படர்ந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இலையை மட்டும் பார்த்தால் ஒன்றைப் போல மற்றது. தளிர் வருகிற விதத்தில்தான் வித்தியாசம் கிடந்தது. மணிப்பிளான்டில் புது இலை பழைய இலையின் காம்பில் உள்ள பள்ளத்துக்குள்ளிருந்து வழுக்கி வெளியே வருகிறது. அண்ணையின் கொடியில் அப்படியில்லை. ஒவ்வொரு தளிரும் தனக்கென்று ஒரு மெல்லிய உறைக்குள் சுருண்டு வந்தது. இலை விரிந்ததும் உறை காய்ந்து, மண்நிறமாகி, கடதாசி போல விழுந்தது. தென்னையடியில் அந்த உறைகள் ஏராளம் கிடந்தன. நாலு வருஷமாக அக்கா அவற்றைக் கூட்டி அள்ளி எரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆடியில் இந்தியாவோடு ஒப்பந்தம் வந்து பஸ் ஓடத் தொடங்கியதும், கொடித்துண்டைப் பேப்பருக்குள் வைத்து அழுத்தி எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மண்கும்பான் மணல்வெளியைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள் மணல் பறந்து வந்து மடியில் இருந்த பொதி முழுக்க விழுந்தது. முன்பு எனக்குப் படிப்பித்த விரிவுரையாளர் இன்னும் அங்கே இருந்தார். துண்டைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், எங்கே எடுத்தது என்று கேட்டார். தெற்கில் ஒரு மழைக்காட்டில் என்றேன்.

"உறை உப்பிடி விழுகிறது உண்மையெண்டால் இது பிலோடென்ரன். தென்னமெரிக்காக் காட்டுச் செடி. எங்கடை காட்டிலை தானாய் முளைக்காது," என்றார்.

அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்றும் சொன்னார். தோட்டத்துரைமார் பங்களாவுக்குக் கொண்டுவந்தது காட்டுக்குள் தப்பி ஏறியிருக்கலாம். அல்லது காட்டில் எடுத்ததாகச் சொன்னவர் மாறிச் சொல்கிறார். பூ இல்லாமல் எந்தப் பிலோடென்ரன் என்று முடிவாகச் சொல்ல அவர் உடன்படவில்லை. இதய இலைக்காரனாக இருக்கலாம் என்று மட்டும் சொன்னார். இடத்தைப் போய்ப் பார்க்க முடிந்தால் பாரும் என்றார். அந்தக் காலத்தில் அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் போக வேண்டி வந்தது. அண்ணைக்கு எரிந்த கடைக் காணியின் உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும் அலுவல் இருந்தது. பாதை திறந்திருக்கிற கிழமைகளிலேயே அதை முடித்துவிட நினைத்தார். அக்கா வர மறுத்துவிட்டார். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்றார். புரட்டாதியில் துணைக்கு நான் போனேன். கொடி நின்ற இடத்தைக் காட்டுவதாக அண்ணை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். தென்னமெரிக்கா என்று விரிவுரையாளர் சொன்னதை நான் முன்பே சொல்லியிருந்தேன். அவர் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அந்த மனுஷன் காட்டைக் கண்டவனோ என்று கேட்டார்.

கையெழுத்து ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. கடை இருந்த இடத்தில் இப்போது வேறொருவர் சைக்கிள் திருத்தும் கடை போட்டிருந்தார். அண்ணை உள்ளே போகவில்லை. றோட்டின் மற்றப் பக்கத்தில் நின்று ஒரு சிகரெட் பற்றவைத்தார். அவர் சிகரெட் குடித்து நான் கண்டதில்லை. பாதியில் எறிந்துவிட்டு, வாரும் தம்பி, மழைக்கு முதல் ஏறுவம் என்றார்.

தீவில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தக் காடு மூச்சுமுட்டும். வெளிச்சம் மேலே எங்கோ நின்றுவிடுகிறது. கீழே எல்லாம் ஈரம். காலில் அட்டை ஏறியதை அண்ணைதான் கண்டு தட்டிவிட்டார். அந்த வயதிலும் வழி மறக்கவில்லை. அருவிச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் இடப்பக்கம் திரும்பி, ஒரு பெரிய பாறையைச் சுற்றிப் போய், பாசி பிடித்த ஒரு மரத்தின் முன் நின்றார். அதன் அடியிலிருந்து ஒரு கொடி ஏறிப் போனது. கீழே சின்ன இலைகள், இதய வடிவம், மினுக்கம்.

"இந்தா," என்றார். "இதுதான். இந்த மரம்தான்."

நான் குந்தியிருந்து பார்த்தேன். நுனியில் ஒரு தளிர் பாதி வெளியே வந்திருந்தது. பழைய இலையின் காம்புப் பள்ளத்துக்குள்ளிருந்து. உறை இல்லை. கொடியின் கீழ்ப்பகுதியில் தடவிப் பார்த்தேன், மரத்தடியில் விழுந்து கிடந்த இலைச்சருகைக் கிளறினேன். கடதாசி போன்ற ஒன்றும் அகப்படவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தபோது அதே கொடி இருபது அடி உயரத்தில் வேறு முகம் காட்டியது. அங்கே இலைகள் ஒரு முழ அகலம், ஓரம் கிழிந்து, நடுவில் துவாரங்கள். நிழலில் குழந்தையாக இருக்கும்போது ஒரு வடிவம், வெளிச்சத்துக்கு ஏறிய பிறகு இன்னொரு வடிவம். நாட்டு வைத்தியர்கள் ஆனைத்திப்பிலி என்று சொல்கிற கொடிக்கு உறவான, இந்தக் காட்டுக்கே உரிய செடி அது. எங்கள் தென்னையில் ஏறியது நாலு வருஷத்தில் வீட்டுக்கூரையைத் தாண்டியிருந்தும் ஒரு இலைகூடக் கிழியவில்லை.

"அண்ணை, இது வேறை கொடி," என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. ஒரு இலையைப் பிடுங்கி என் கையில் வைத்து, வீட்டில் நிற்கிறதும் இதுவும் ஒன்றா இல்லையா என்று கண் உள்ளவன் சொல்லட்டும் என்றார். நான் தளிரைக் காட்டினேன், உறையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். பிடுங்கியது நான்தானே, எனக்குத் தெரியாதா என்று கடைசியில் சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினார். ஈரப் பாறையில் நான் வழுக்கியபோது திரும்பிக் கை கொடுத்தார்.

அயல்வீட்டுச் சிங்களப் பெண்ணைப் பார்க்காமல் வரக்கூடாது என்று அக்கா பனங்கட்டியும் எள்ளுருண்டையும் கொடுத்து அனுப்பியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு இப்போது வயது போய்விட்டது. புருஷன், மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தவர், இறந்து இரண்டு வருஷம். அண்ணையைக் கண்டதும் அந்த அம்மா வாசலில் நின்றபடியே அழுதார். பிறகு உள்ளே கூப்பிட்டு, கித்துள் வெல்லத்தோடு தேத்தண்ணி தந்தார். எனக்குச் சிங்களம் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. அண்ணைதான் இடையிடையே தமிழில் சொன்னார். அக்காவைச் சுகம் கேட்கிறா. மகளுக்குப் பிள்ளை இருக்கோ என்று கேட்கிறா.

நான் குசினிப் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வாசல் திறந்திருந்தது. அந்தச் சுவர் முழுக்க எங்கள் தென்னையில் ஏறிய அதே கொடி. எழுந்து போய்ப் பார்த்தேன். தளிர்கள் உறைக்குள். கீழே நிலத்தில் காய்ந்த உறைகள்.

நான் கொடியைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்ட அந்த அம்மா பின்னால் வந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். கையை மேலே மலைப்பக்கம் காட்டினார். பங்களா என்ற சொல் எனக்கு விளங்கியது. பிறகு விரல்களால் ஒரு துண்டு அளவு காட்டி, அண்ணையைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். பழைய பகிடி ஒன்றை, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை, திரும்பச் சொல்கிறவரின் சிரிப்பு. அண்ணையும் முதலில் சிரித்தார். அதன் பிறகு சிரிப்பு முகத்தில் அப்படியே நிற்க, கண் மட்டும் கொடிக்குப் போனது. அந்த வசனத்தை அவர் எனக்குத் தமிழில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது வவுனியாவில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். எல்லோரும் இறங்கி வெயிலில் வரிசையாக நின்றோம். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"அந்த மனிசி சொன்னது உமக்கு விளங்கினதோ?"

"கொஞ்சம் விளங்கினது, அண்ணை."

"நான் பிடுங்கினது மூண்டாம் நாளே அழுகிப்போச்சாம். நான் அப்ப கொழும்பிலை சாமான் எடுக்கப் போயிருந்தனான். அந்த மனிசி தன்ரை கொடியிலை ஒரு துண்டை வெட்டி உம்மடை அக்காவுக்குக் குடுத்தவவாம்." வரிசை நகர்ந்தது. இரண்டடி நடந்த பிறகு மிச்சத்தைச் சொன்னார். "வீட்டிலை இதைப் பற்றி ஒண்டும் கதையாதையும்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா பயணக் கதை எல்லாம் கேட்டார். அண்ணை கடையைப் பற்றிச் சொன்னார், அந்த அம்மாவின் புருஷன் செத்ததைச் சொன்னார். என்னைத் தனியாகக் கண்டபோது அக்கா, கொடியைப் பற்றி அவ ஏதும் கதைத்தவவோ என்று கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியாதே அக்கா என்றேன். அது உண்மைதான். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாப்பிட்டனீரோ என்று கேட்டார்.

அந்தப் புரட்டாதிக்குப் பிறகு அண்ணை கொடியடிக்குப் போவது குறைந்தது. தண்ணீர் கட்டுவதை அக்கா எடுத்துக்கொண்டார். ஐப்பசியில் திரும்பவும் சண்டை, இந்த முறை இந்தியப் படையோடு. தீவுப்பகுதியில் அவ்வளவு தாக்கமில்லை. மழை பெய்தது, மழை விட்டதும் புகையிலை நடுகிற காலம் வந்தது. தெற்குத் தெருவில் தோட்டம் செய்கிற ஒருவர், வழக்கம் போல முதல் கன்றுக்கு அண்ணையைக் கூப்பிட வந்தார். நான் அன்று அவர்கள் குசினி வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணை கதிரையை விட்டு எழும்பவில்லை. "என்னை விடும். இவவைக் கூட்டிக்கொண்டு போம். எங்கடை வீட்டிலை ராசியான கை அவவின்ரைதான்," என்றார்.

வந்தவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அண்ணை அதையே திரும்பச் சொன்னார், கொடியைத் தளைக்க வைத்ததும் அவதான், நான் இல்லை என்றார். உள்ளே கத்தி நின்றது. அக்கா என்னைப் பார்த்தார். நான் கோப்பைக்குள் பார்த்தேன். பிறகு அக்கா கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்து, அந்த மனுஷனோடு போனார். தலைவாசலைத் தாண்டும்போது அண்ணையின் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த நாள் வேலியடியில் என்னைப் பிடித்தார். "நீர் சொன்னனீரோ?"

"இல்லை அக்கா. அந்த மனிசிதான் சொன்னவ. மறைக்கிற விசயம் எண்டு அவவுக்குத் தெரியாது."

அவர் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தானாகவே சொன்னார். கலியாணம் முடித்துப் புது ஊருக்குப் போய் ஒருவரையும் தெரியாத நேரம். புருஷன் கொழும்புக்குப் போனதும் போத்தலில் இருந்த கொடி அழுகி நாறியது. இவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்ததைச் சாகவிட்டேன் என்று பேசுவார் என்ற பயத்தில் அழுதிருக்கிறார். அயல்வீட்டு அம்மா அழுகையைக் கண்டு, ஒரே மாதிரித்தானே இருக்கிறது என்று தன் சுவரில் இருந்து ஒரு துண்டு வெட்டித் தந்தார்.

"சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். பிறகு கடை நல்லா ஓடிச்சுது. ஆக்கள் இவரைத் தேடி வரத் தொடங்கிட்டினம். பிறகு எப்பிடிச் சொல்லுறது?" என்றார். கதியாலிலிருந்து கையை எடுத்து, "மூண்டு மாதமாய் மனுசன் வாயைத் திறக்கேல்லைப் பாரும்," என்றார். அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதும் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவர்களுக்குள் அதற்குப் பிறகு என்ன கதை நடந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது வெளியில் நடந்தது மட்டும்தான். ஊரில் இரண்டு பேரையும் கூப்பிடத் தொடங்கினார்கள். சிலர் கல் வைக்க அண்ணையையும் கன்று நட அக்காவையும் என்று பிரித்துக்கொண்டார்கள். அக்கா நட்ட அந்த வருஷத்துப் புகையிலை நன்றாகவும் இல்லை, மோசமும் இல்லை.

நான் டொக்டரிடம் சொல்லப் போனபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் ஓர் இளம் பெண். கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இனி ஒருவரும் அதைச் சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கொடி பூக்கவே இல்லை. ஆகவே எந்தப் பிலோடென்ரன் என்பதை நான் இன்றைக்கும் இருக்கலாம் என்றுதான் சொல்வேன். உயர்தர வகுப்பில் அந்தக் குடும்பத்தைப் படிப்பிக்கும்போது, இலையின் வடிவத்தைக் கண்டு பெயர் சொல்லாதீர்கள், தளிர் எப்படி வருகிறது என்று பாருங்கள் என்று சொல்லத் தொடங்கினேன்.

தொண்ணூற்றொன்றில் இராணுவம் வந்து இறங்க, தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட வேண்டி வந்தது. அவர்கள் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டுப் பின்னறை ஒன்றில் இருந்தார்கள். நான் இடம்பெயர்ந்து இயங்கிய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அண்ணை வெற்றிலையை விட்டிருந்தார். அக்கா அவருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும்போது, எத்தனை குளிசை என்று இருவரும் வாக்குவாதப்படுவார்கள். கடைசியில் என்னைத்தான் கேட்பார்கள். மகள் ஒழுங்கு செய்து, கிளாலிக் கடலால் படகில் போய், கொழும்புக்கும் அங்கிருந்து ஜேர்மனிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். வெளிக்கிட்ட அன்று நான் பரீட்சை மேற்பார்வையில் நின்றேன், வழியனுப்பப் போக முடியவில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பக்கம் போனபோது பின்னறையில் வேறொரு குடும்பம் இருந்தது. வாசலில் ஒரு பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். ஒருவரையும் இல்லை என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினேன்.